வாத்தியம் வாசிக்கத் தெரியாதவர் போட்ட பாட்டு: 'வார்ம் லெதரெட்', 1978-லும் 1980-லும்

1978-ல் லண்டனில் ஏழு அங்குல இசைத்தட்டு ஒன்று வந்தது. இரண்டு பக்கம், இரண்டு பாட்டு. குழுவின் பெயர் 'தி நார்மல்' என்று போட்டிருந்தது, ஆனால் குழு என்று யாரும் கிடையாது. டேனியல் மில்லர் என்ற ஒரே ஆள், அவரிடம் ஒரு சிந்தசைஸர் (மின்சாரத்தால் ஒலியை உருவாக்கும் கீபோர்டு), ஒரு டேப் ரெக்கார்டர், அவ்வளவுதான். முன்பக்கம் 'டி.வி.ஓ.டி.', பின்பக்கம் 'வார்ம் லெதரெட்'. இரண்டு வருடம் கழித்து, ஜமைக்காவில் பிறந்து பாரிஸில் மாடலாகப் பேர் வாங்கிய கிரேஸ் ஜோன்ஸ் அந்தப் பின்பக்கப் பாட்டை எடுத்துப் பாடி, தன் ஆல்பத்துக்கே அதன் பெயரை வைத்தார். பதிவானது பஹாமாஸில். டிரம்ஸில் ஸ்லை டன்பார், பேஸ் கிட்டாரில் ராபி ஷேக்ஸ்பியர்.

இந்த இரண்டு பதிவுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் எழுதுகிறார்கள்: மில்லருடையது குளிர்ச்சி, கிரேஸுடையது சூடு, அங்கே மெஷின், இங்கே உடம்பு. எனக்கு இது ஒத்துவரவில்லை. கிரேஸ் அந்தப் பாட்டில் எங்கே சூடாக இருக்கிறார்? மில்லரைவிட அவர்தான் இரக்கமே இல்லாமல் பாடுகிறார். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற நிஜமான வித்தியாசம் வேறு. முதல் பதிவு, வாத்தியம் வாசிக்கத் தெரியாத ஒருவர் தனியாக உட்கார்ந்து செய்தது. இரண்டாவது, அன்றைக்கு உலகத்தில் அந்த வேலையை அவர்களைவிட நன்றாகச் செய்ய ஆள் தேடினாலும் கிடைக்காது என்கிற அளவுக்குக் கைதேர்ந்தவர்கள் ஒன்றாக வாசித்தது. பாட்டு இரண்டு இடத்திலும் நின்றது. தேர்ச்சி தேவையில்லை, யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம் என்று கிளம்பிய முரட்டு ராக்கான பங்க்கின் காலத்தில், திறமை வேண்டுமா வேண்டாமா என்று போட்ட சண்டைக்கு இதைவிட நல்ல சோதனை கிடைக்காது என்று நினைக்கிறேன்.

சரி, பாட்டு எதைப் பற்றியது? ஜே. ஜி. பாலர்ட் 1973-ல் வெளியிட்ட 'கிராஷ்' நாவலிலிருந்து பிறந்தது. கார் விபத்துகளில் பாலியல் கிளர்ச்சி தேடும் ஒரு கூட்டம், ஹீத்ரோ விமான நிலையத்தைச் சுற்றியுள்ள சாலைகளிலும் மேம்பாலங்களிலும் திரிகிற கதை. கையெழுத்துப் பிரதியைப் படித்த பதிப்பக வாசகர் ஒருவர், இந்த ஆள் மனநல வைத்தியத்துக்கும் அப்பால் போய்விட்டார், வெளியிட வேண்டாம் என்று குறிப்பு எழுதி அனுப்பினார். பாலர்ட் அதையே பெரிய வெற்றியாக எடுத்துக்கொண்டார். நாவலுக்கு முன்பே, 1970-ல், லண்டனில் நொறுங்கிய கார்களைக் கொண்டுவந்து நிறுத்தி ஒரு கண்காட்சி வைத்தவர் அவர். பார்க்க வந்தவர்கள் குடித்துவிட்டு அந்தக் கார்களை மேலும் உடைத்தார்கள். நாவலை முடித்த கொஞ்ச நாளில் அவர் ஓட்டிய காரே குப்புறக் கவிழ்ந்தது. பிழைத்துக்கொண்டார்.

மில்லர் அந்த நாவலில் விழுந்து கிடந்தார். நண்பர் ஒருவரோடு சேர்ந்து அதைப் படமாக எடுக்கத் திரைக்கதை எழுதிப் பார்த்தார், அது நடக்கவில்லை. (அந்த நாவல் படமாக 1996 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, டேவிட் க்ரோனென்பெர்க் எடுத்தார்.) நடக்காத அந்தப் படத்தைத்தான் மில்லர் மூன்றரை நிமிஷத்துக்குள் சுருக்கிப் பாட்டாக்கினார். இது தெரிந்த பிறகு வரிகளைக் கேட்டுப் பாருங்கள், ஒவ்வொன்றும் ஒரு ஷாட். சுரங்கப்பாதையில் கண்ணாடி உடைவதைப் பார். இரும்பு நசுங்குவதைக் கேள். ஸ்டீயரிங்கைத் தொட்டு உணர். பார், கேள், உணர் என்று கேமராவுக்குக் கட்டளை கொடுப்பது மாதிரிதான் போகிறது, கதாபாத்திரம் இல்லை, ஏன் எதற்கு என்ற விளக்கம் இல்லை, யார் காரை ஓட்டினார்கள் என்றுகூடத் தெரியாது. அப்புறம் கண்ணில் ஒரு துளி பெட்ரோல், தொடையில் ஏறிய ஹேண்ட் பிரேக், சாவதற்குள் கூடிவிடலாம் வா என்ற அழைப்பு. தலைப்பில் இருப்பது வேறொன்றுமில்லை, கார் சீட்டின் ரெக்ஸின். உடம்புச் சூடோ வெயில் சூடோ ஏறிய ரெக்ஸின்.

மில்லர் படத்தொகுப்புத் துறையில் வேலை பார்த்தவர் என்பதால் இந்த ஷாட் கணக்கு தற்செயலாக வந்தது என்று நான் நம்பவில்லை. கில்ட்ஃபோர்டு கலைப் பள்ளியில் திரைப்படம் படித்துவிட்டு, தொலைக்காட்சி நிறுவனத்தில் உதவிப் படத்தொகுப்பாளராக இருந்தார். பின்னால் தன் லேபிளுக்கு, அதாவது இசைத்தட்டு நிறுவனத்துக்கு, வைத்த 'மியூட்' என்ற பெயரும் எடிட்டிங் அறையிலிருந்து எடுத்ததுதான். ஒலி சேர்க்காத படச்சுருளுக்கு அங்கே அப்படித்தான் சொல்வார்கள். அப்பா அம்மா இருவரும் நாஜிகளிடமிருந்து தப்பி ஆஸ்திரியாவிலிருந்து லண்டன் வந்த யூத நடிகர்கள். அப்பா மார்ட்டின் மில்லர், லண்டனில் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கும் 'மவுஸ்டிராப்' நாடகத்தின் முதல் நடிகர் குழுவில் 1952-ல் நடித்தவர். மகனுக்கு அமெரிக்க ராக் பிடிக்காமல் போய், கேன், நொய், கிராஃப்ட்வெர்க் என்று ஜெர்மானியக் குழுக்கள் மேல் பைத்தியம் பிடித்தது. பங்க் வந்தபோது அவருக்கு வயது 26. பங்க் கணக்கில் கிழவர்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் இந்தத் தட்டு ஏன் அன்றைக்குப் புதுசாக இருந்தது என்பது புரியாது. பங்க் ரசிகர்களுக்கு சிந்தசைஸர் என்றாலே வேப்பங்காய். அது பணக்கார ராக் குழுக்களின் சாமான். கோபுரம் மாதிரி கீபோர்டுகளை அடுக்கிவைத்து, மினுங்கும் அங்கி போட்டுக்கொண்டு, இருபது நிமிஷம் தனி ஆவர்த்தனம் செய்கிறவர்களின் வாத்தியம். பங்க் எழுந்ததே அவர்களுக்கு எதிராகத்தான். 1977-ன் தொடக்கத்தில் ஒரு கையச்சு ரசிகர் இதழில் கிட்டாரின் மூன்று கார்டுகளை (பல சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும் விரல் பிடிகள்) படமாகப் போட்டு, இப்போது போய் ஒரு குழு ஆரம்பி என்று எழுதியிருந்தார்கள். அந்தப் படம் பங்க்கின் கொள்கைப் பிரகடனமாகவே ஆகிவிட்டது. மில்லர் பார்த்தது இதற்கு அடுத்த படி. மூன்று கார்டு எதற்கு? அதைக்கூட விரலை வளைத்துப் பழக வேண்டியிருக்கிறதே. சிந்தசைஸரில் ஒரு கட்டையை அழுத்தினால் போதும், சத்தம் வந்துவிடுகிறது. அப்படியானால் நிஜமான பங்க் வாத்தியம் இதுதான் என்பது அவருடைய வாதம். இதை அவர் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார், எனக்கு இதில் மறுக்க எதுவும் தெரியவில்லை.

அந்த வாதம் செயலுக்கு வரக் காரணம் ஜப்பான். 1970-களின் நடுவில் கோர்க் போன்ற கம்பெனிகள் சின்ன, மலிவான சிந்தசைஸர்களை விற்க ஆரம்பித்தன, கொஞ்ச நாளில் அவை பழைய சாமான் சந்தைக்கும் வந்துவிட்டன. மில்லர் வாங்கியது கோர்க் 700எஸ், செகண்ட் ஹேண்ட். ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் அதில் வரும். இரண்டு கட்டையைச் சேர்த்து அழுத்தினாலும் ஒன்றுதான் ஒலிக்கும், ஆகவே கார்டு என்ற பேச்சுக்கே இடமில்லை. கூடவே ஒரு டீயாக் நான்கு டிராக் டேப் ரெக்கார்டர். தாளத்துக்குத் தனி மெஷின் இல்லை, அதையும் அந்த கோர்க்கிலிருந்தே எடுத்தார். எப்படி என்றால், சிந்தசைஸரில் சுரம் இல்லாத வெறும் இரைச்சலும் வரும், ரேடியோவில் இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே கேட்குமே அந்த 'ஸ்ஸ்ஸ்'. அதை ஒலியை வடிகட்டும் ஃபில்டரில் விட்டு, சட்டென்று தொடங்கிச் சட்டென்று அறுந்துவிடுகிற மாதிரி வைத்தால் ஒரு அடி மாதிரி கேட்கும். ஆழமான ஒரு சுரத்தை அதே மாதிரி நறுக்கினால் இன்னொரு அடி. இந்த இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டதுதான் அந்தப் பாட்டின் தாளம். அதன் மேல் கரகரவென்று அடித்தொண்டையில் உறுமுகிற ஒரு சுரம், நடுநடுவே கீறிவிட்டுப் போகிற ஓர் ஊளைச் சத்தம், எல்லாவற்றுக்கும் மேலே உணர்ச்சியே இல்லாமல் வரிகளை ஒப்பிக்கும் குரல். முடிந்தது. மெட்டு என்று ஒன்றை யாராவது முணுமுணுத்துக் காட்டச் சொன்னால் முடியாது.

பாட்டு போய்க்கொண்டே இருக்கிறது, எங்கேயும் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. முதல் முறை கேட்கிறவர்களுக்கு ஏதோ பழுதான மெஷின் மாதிரி இருக்கும். ஆனால் வீட்டில் கையால் வாசித்துப் பதிந்தது என்பது தெரிந்து கேட்டால் ஒரு சின்ன நடுக்கம் பிடிபடும், மெஷின் போல இருக்க முயற்சி செய்கிற மனுஷன் இடையிடையே தெரிகிறான். பிற்காலத்தில் கம்ப்யூட்டரில் கட்டம் பிசகாமல் போட்ட எத்தனையோ பாட்டுகளில் இந்த விறைப்பு வராததற்குக் காரணம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

தட்டை விற்றதும் பங்க் வழியில்தான். அப்போது டெஸ்பரேட் பைசிக்கிள்ஸ் என்ற லண்டன் குழு, தாங்களே காசு போட்டுத் தட்டு அடித்து, இது சுலபம், மலிவு, நீங்களும் செய்யுங்கள் என்று பாட்டிலேயே சொல்லிக்கொண்டிருந்தது. மில்லரும் 500 பிரதி அடிக்கலாம் என்று மாதிரித் தட்டைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறினார். மேற்கு லண்டனில் ரஃப் டிரேட் கடையில் ஜெஃப் டிராவிஸ் அதைப் போட்டுக் கேட்டுவிட்டு, 500 போதாது, 2000 அடியுங்கள், நாங்கள் விநியோகம் செய்கிறோம் என்றார். உறையில் கார் மோதல் சோதனைக்குப் பயன்படுத்தும் பொம்மைகளின் படம். பின்னால் மில்லரின் வீட்டு விலாசம், கோல்டர்ஸ் கிரீனில் அவருடைய அம்மா வீடு. ஒரே ஒரு சிங்கிள் (ஓரிரு பாட்டு மட்டும் உள்ள தட்டு) போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்வதுதான் திட்டம். ஆனால் விலாசத்தைப் பார்த்தவர்கள், இது ஒரு லேபிள் போலிருக்கிறது என்று தங்கள் கேசட்டுகளை அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள். அப்படித் தொடங்கியதுதான் மியூட் ரெக்கார்ட்ஸ். 1979-ல் ஃபாட் கேட்ஜெட், 1981-ல் டெப்பெஷ் மோட், அப்புறம் யாஸு, நிக் கேவ், எரேஷர் என்று போய், 2002-ல் இ.எம்.ஐ. நிறுவனம் விலை கொடுத்து வாங்கும் அளவுக்கு வளர்ந்தது. டெப்பெஷ் மோட் போன்ற குழுவோடு பல வருடம் ஒப்பந்தப் பத்திரமே இல்லாமல் கைகுலுக்கிய நம்பிக்கையில் வேலை செய்தார்கள் என்பது இந்தத் தொழிலில் நம்ப முடியாத சங்கதி. அதைத் தனியாக எழுத வேண்டும்.

இப்போது கிரேஸ் ஜோன்ஸ் பக்கம் போவோம்.

1977-லிருந்து 1979 வரை கிரேஸ் வருடத்துக்கு ஒன்று என்று மூன்று டிஸ்கோ ஆல்பங்கள் போட்டிருந்தார், மூன்றுக்கும் தயாரிப்பாளர் டாம் மோல்டன். நியூயார்க் இரவு விடுதிகளில் அவர் ராணி, ஆனால் தட்டுகளில் அந்த ராணி சரியாகத் தெரியவில்லை. வயலின்களும் கோரஸும் சேர்ந்து அவரை மூடிவிட்டன. அதற்குள் டிஸ்கோவுக்கே கெட்ட காலம் வந்தது. 1979 ஜூலையில் சிகாகோ பேஸ்பால் மைதானத்தில் டிஸ்கோ தட்டுகளைக் குவித்து வெடிவைத்துக் கொண்டாடினார்கள், கலவரமே ஆனது. ஐலண்ட் லேபிளின் முதலாளி கிறிஸ் பிளாக்வெல் வேறு வழி பார்த்தார். ஜமைக்காவின் ரெகே இசைப் பாடகர் பாப் மார்லியை உலகத்துக்குக் கொண்டுபோனவர் அவர். பஹாமாஸில் நாசோவுக்குப் பக்கத்தில் கம்பஸ் பாயின்ட் என்று சொந்த ஸ்டூடியோ வைத்திருந்தார். அங்கே ஒரு குழுவைச் சேர்த்தார்: ஜமைக்காவிலிருந்து ஸ்லை, ராபி, கிட்டாருக்கு மைக்கி சங், தாள வாத்தியங்களுக்கு ஸ்டிக்கி தாம்சன், இங்கிலாந்திலிருந்து இன்னொரு கிட்டாருக்கு பாரி ரெனால்ட்ஸ், பாரிஸிலிருந்து கீபோர்டுக்கு வாலி பதரூ. ஸ்டூடியோ சுவரில் கிரேஸின் பெரிய புகைப்படம் ஒன்றை மாட்டிவைத்து, இந்தப் படம் எப்படி இருக்கிறதோ அப்படி ஒரு சத்தம் வேண்டும் என்று அவர்களிடம் சொன்னாராம். அவர் எத்தனையோ முறை சொன்ன கதை இது, கொஞ்சம் மெருகேறியிருக்கலாம், ஆனால் ஆல்பத்தைக் கேட்டால் பொய் என்று தோன்றாது.

(அதே ஸ்டூடியோவில் அதே 1980-ல்தான் ஏசி/டிசி என்ற ராக் குழுவினர் தங்கள் 'பேக் இன் பிளாக்' ஆல்பத்தைப் பதிவு செய்தார்கள். ஒரு தீவுக்கு அது போதாதா?)

1980 மே மாதம் ஆல்பம் வந்தது, தயாரிப்பு பிளாக்வெல்லும் அலெக்ஸ் சாட்கினும். பெரும்பாலும் பிறர் பாட்டுகள்: பிரிட்டென்டர்ஸ், ராக்ஸி மியூசிக், டாம் பெட்டி, ஸ்மோக்கி ராபின்சன். எல்லாம் பேர் தெரிந்தவர்கள், ஒழுங்கான மெட்டு உள்ள பாட்டுகள். அவற்றுக்கு நடுவே லண்டன் வீடு ஒன்றில் பதிந்த மெட்டே இல்லாத பின்பக்கப் பாட்டு, அதுவும் ஆல்பத்தின் முதல் பாட்டாக. எனக்குக் காரணம் ஊகிக்க முடிகிறது: மற்ற பாட்டுகளில் ஏற்கெனவே ஒருவர் குடியிருந்தார், இது காலி மனை.

கவர் வெர்ஷன் என்றால் சாதாரணமாக மெட்டு அப்படியே இருக்கும், வாத்தியம் மாறும், குரல் மாறும். இந்தப் பாட்டில் மெட்டும் கிடையாது, கார்டு மாறுவதும் கிடையாது, ஆகையால் எடுத்துக்கொள்ள வரிகளும் நடையும்தான் மிச்சம். ஸ்லையும் ராபியும் அதன் மேல் ஒரு முழு வண்டியையே கட்டினார்கள். டிரம்ஸ் நேராகப் போகிறது, ரெகே என்று சொல்ல முடியாது, ராக் என்றும் முழுசாகச் சொல்ல முடியாது. பேஸ் கீழே பதுங்கிக்கொண்டு இழுக்கிறது. கிட்டார்கள் வெட்டி வெட்டி வருகின்றன. கவனித்துக் கேட்டால், இவ்வளவு வாசிக்கத் தெரிந்தவர்கள் இவ்வளவு குறைவாக வாசிப்பது தெரியும். ஸ்லை நினைத்தால் அந்த இடத்தில் என்னென்னவோ செய்திருக்கலாம், செய்யவில்லை. ஒரே இடத்தில் நின்று அடிக்கிறார். தெரியாததால் ஒரே சுரத்தில் நின்றவர் மில்லர், தெரிந்தும் கையைக் கட்டிக்கொண்டு நின்றவர்கள் இவர்கள். ரெகேயில் அது புதிதும் இல்லை. ஒரு பேஸ் வரியைப் பிடித்துக்கொண்டு பாட்டு முழுக்க அசையாமல் ஓட்டுவதுதான் கிங்ஸ்டன் ஸ்டூடியோக்களில் அவர்கள் தினமும் செய்த வேலை. ஜெர்மானியக் குழுக்களிடம் மில்லர் கற்றுக்கொண்ட 'மாறாமல் போய்க்கொண்டே இரு' என்ற பாடமும் ஜமைக்காக்காரர்களின் இந்தப் பழக்கமும் இந்தப் பாட்டில் சந்தித்துக்கொண்டன. ஆனபடியால்தான் வலிந்து ஒட்டவைத்தது மாதிரி கேட்கவில்லை.

குரலுக்கு வருவோம். வரிகள் ஏறத்தாழ அதே வரிகள். மில்லர் 'பார்', 'கேள்', 'உணர்' என்னும்போது ஆவணப்படத்துக்குப் பின்னணி பேசுகிறவர் மாதிரி இருக்கிறது. விபத்து எங்கேயோ திரையில் நடக்கிறது, அவர் விவரிக்கிறார். கிரேஸ் அதையே சொன்னால் உத்தரவு. கேட்கிறவன்தான் சீட்டில் கிடக்கிறான். ஹேண்ட் பிரேக் ஏறிய தொடை யாருடையது என்பதும் இதோடு மாறிவிடுகிறது: ஆண் குரல் 'உன் தொடை' என்றபோது நாம் கேள்வி கேட்காமல் ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொண்டோம், பாலர்டின் உலகமே ஆண் பார்வையில் விரிகிற உலகம்தான். கிரேஸ் வாயிலிருந்து வந்தால் அந்தக் கற்பனை உடைகிறது, கிடப்பவன் ஆண், பேசுகிறவள் மேலே இருக்கிறாள். அந்த வரியில் ஒரு எழுத்துகூட மாற்றாமல் நடந்த மாற்றம் இது.

இன்னொரு வரி, கார் விபத்துக் கும்பலில் வந்து சேர்ந்துகொள் என்று கூப்பிடுகிற வரி. மில்லரிடம் அது விளம்பர வாசகம் மாதிரி ஒலிக்கும், கிண்டல் தெரியும். கிரேஸ் நியூயார்க் டிஸ்கோ வாசல்களில் யார் உள்ளே, யார் வெளியே என்று தீர்மானிக்கப்பட்ட காலத்தின் பெண். அவர் 'வா, சேர்ந்துகொள்' என்றால் நிஜமாகவே ஒரு கும்பல் உள்ளே ஆடிக்கொண்டிருக்கிறது, கயிற்றை விலக்கி உள்ளே விடுகிறார்கள் என்று தோன்றும். அதனால்தான் சூடு, குளிர்ச்சி என்ற பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. மில்லர் எட்ட நின்றதால் குளிர்ச்சி. கிரேஸ் கிட்ட வந்து நின்றும் குளிர்ச்சியாகவே இருக்கிறார், பயம் அங்கேதான் வருகிறது.

பணக் கணக்கையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஒருவர் பாட்டை இன்னொருவர் பாடிப் பதிவு செய்தால், எழுதியவருக்கு விற்கிற ஒவ்வொரு பிரதிக்கும் ராயல்டி போகும். பழைய பதிவை வைத்திருக்கும் லேபிளுக்கு ஒன்றும் போகாது. மில்லர் விஷயத்தில் பாட்டை எழுதியவர், பாடியவர், லேபிள் முதலாளி எல்லாம் ஒரே ஆள் என்பதால் குழப்பம் இல்லை. வீட்டில் தனியாகப் பதிந்த பாட்டு ஐலண்ட் மாதிரி பெரிய லேபிளின் ஆல்பத்துக்குத் தலைப்பாகப் போவது, லேபிள் நடத்த ஆரம்பித்த ஆளுக்குச் சின்ன விஷயமாக இருந்திருக்காது.

அந்த ஆல்பத்திலிருந்து பிரிட்டனில் நன்றாக ஓடிய சிங்கிள் 'பிரைவேட் லைஃப்', விற்பனைப் பட்டியலில் 17-ஆம் இடம் வரை போனது. தலைப்புப் பாட்டு அந்த மாதிரி ஹிட் ஆகவில்லை. ஆனால் அடுத்த வருடமே அதே குழுவோடு கிரேஸ் போட்ட 'நைட்கிளப்பிங்' ஆல்பத்துக்கு வழி வெட்டியது இதுதான். அதில் கார் பம்பரை வைத்து இரட்டை அர்த்தத்தில் ஒரு பாட்டு இருக்கிறது, உலகம் முழுக்க ஆடித் தீர்த்தார்கள். விபத்துக் காரிலிருந்து பார்க்கிங் காருக்கு வந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிற்பாடு இந்தப் பாட்டை வேறு பலரும் தொட்டிருக்கிறார்கள், 2006-ல் ராக் பாடகர்கள் டிரென்ட் ரெஸ்னரும் பீட்டர் மர்ஃபியும் சேர்ந்து ஒரு வானொலி நிகழ்ச்சிக்காகப் பாடியது அவற்றில் ஒன்று. அதில் மில்லரின் சாயல்தான் தூக்கலாக இருக்கிறது, கிரேஸின் பக்கம் போகவில்லை. அதில் ஆச்சரியமும் இல்லை. மில்லரின் பதிவில் இன்னும் இடம் காலியாக இருக்கிறது, ஒரு சிந்தசைஸரை வைத்துக்கொண்டு யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம். கிரேஸின் பதிவைத் திருப்பிச் செய்ய ஸ்லை, ராபி மாதிரி இரண்டு பேர் வேண்டும், அந்தக் குரல் வேறு வேண்டும்.

மில்லர் 'தி நார்மல்' பெயரில் இரண்டாவது சிங்கிள் போடவே இல்லை. ராபர்ட் ரென்டல் என்ற இசைக்கலைஞரோடு மேடை ஏறிச் சில கச்சேரிகள் செய்தார், அதில் ஒன்று ஒரே பக்கத்தில் மட்டும் பாட்டு உள்ள தட்டாக வந்தது. அப்புறம் சிலிக்கான் டீன்ஸ் என்று இல்லாத ஒரு டீன்ஏஜ் குழுவைக் கற்பனையாக உருவாக்கி, பழைய ராக் அண்ட் ரோல் பாட்டுகளை சிந்தசைஸரில் பதிந்தார். அதாவது கிரேஸ் இவருடைய பாட்டை எடுத்துக்கொண்டிருந்த அதே சமயத்தில், இவரும் பிறர் பாட்டுகளைத்தான் எடுத்துக்கொண்டிருந்தார்.